பெரட்டுக்குப் பதில் சொன்ன மத்தியானம்

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போகிற ஆள் நான். கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவனுக்கு அதெல்லாம் ஒத்து வராது. இதையும் நீங்கள் நம்பப் போவதில்லை, தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்களைத் தோட்டங்களில் குடியேற்றிக்கொண்டிருந்த காலத்தின் கடைசி. கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரி, வேலையாட்களின் வருகைப் பதிவுக்காக எங்கள் கோயமுத்தூர் கம்பெனியிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தது. புதிய பிராசஸருக்கு எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அந்தக் கிழட்டு மெஷினில் நான் ஓட வைக்க வேண்டும். புதியது ஒரே கட்டளையில் செய்கிற பெருக்கலைப் பழையது கூட்டிக் கூட்டித்தான் செய்யும், இப்படி அதற்குத் தெரியாத கட்டளை ஒவ்வொன்றுக்கும் மாற்று எழுத வேண்டும். மூன்றாம் சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் திரும்பி வராதே என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் ஃபேக்டரி மாடியில் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம். டீ கொண்டுவரும் ராசம்மாக்காவைத் தவிர மனித முகமே கிடையாது. என் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடவில்லை, அழுகை வராத குறைதான்.

மெஷின் எங்கே நிற்கிறது என்று தெரிய, ஒவ்வொரு கட்டத்திலும் திரையில் ஓர் எழுத்து விழும்படி எழுதியிருந்தேன். ஏ, பி, சி. எப்போதும் சி-யோடு செத்துவிடும். கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம், நம்பினால் நம்புங்கள், சி-க்குப் பிறகும் எழுத்துகள் விழுந்தன, இங்கிலீஷ் எழுத்தில் 'பெரட்டு' என்று. கேள்விப்படாத சொல். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது ராசம்மாக்கா டீயோடு வந்தார்.

"ஏனுங்க அக்கா, பெரட்டுன்னா என்னங்க?"

"அது சிலோன் தோட்டத்துப் பேச்சுங்க ஐயா. காலையில ஆளுகள நிப்பாட்டிப் பேர் கூப்புடுறது. வந்துட்டேன்னு சொல்லலேன்னா அன்னைக்கு வேலை இல்ல, திரும்பிப் போயிரணும்."

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது, யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி. விளையாட்டாக 'வந்துட்டேன்' என்று தட்டினேன். மெஷின் மளமளவென்று கடைசிவரை ஓடி முடித்தது. என் வேலை தப்பியது.

ராசம்மாக்கா திரையையே பார்த்தார். "யார் பேரச் சொல்லுச்சுங்க?"

"பேரெல்லாம் சொல்லலைங்க."

"யாரக் கூப்புட்டாங்கன்னு தெரியாமயா பதில் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பிறகு நான் எழுதியதையெல்லாம் வரிவரியாகப் பார்த்தேன். கீபோர்டில் தட்டுவதை மெஷின் வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதியை இன்னும் எழுதவே இல்லை. அது எப்படி என் பதிலைக் கேட்டது என்று இன்றுவரை விளங்கவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். வேறு யாருக்கோ வந்த அழைப்புக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டேனோ, அந்த ஆள் அன்று திரும்பிப் போயிருப்பாரோ என்பதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.