பூசாரி கேட்ட பாவசங்கீர்த்தனம்

தேவிகுளம் தமிழருக்கா மலையாளிகளுக்கா என்ற எல்லைத் தகராறு முற்றியிருந்த ஐம்பதுகளின் நடுப்பகுதி. மழை ஓயாத ஒரு பிற்பகலில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் என் தாயார் மரணப் படுக்கையில் கிடந்தார். பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் கடைசிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கண்மூட அவருக்கு மனமில்லை. தமிழறிந்த பழைய பாதிரியார் மாற்றலாகிப் போயிருந்தார். நான் அழைத்து வந்த புதியவருக்கு மலையாளமே தெரியும். தாயாருக்கோ சந்தையில் விலை கேட்கும் அளவுக்கே அது தெரியும்.

பாதிரியாருக்கு உதவியாக உடன் வந்த உபதேசியார் மலையாளி, தமிழும் நன்கறிந்தவர். "நான் கேட்டுச் சொல்கிறேன்" என்று முன்வந்தார். தாயார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவுக தம்பிதானே போன மாசம் கடைத்தெருவுல உன் மண்டைய உடைச்சது? அவுக வாய் வழியா என் பாவம் போக வேண்டாம்."

"அப்ப நான் சொல்றேம்மா."

"பெத்த பிள்ளை காதுல போடுற சங்கதியாலே அது? பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடு."

அந்த அண்ணன் லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி. எங்கள் தென்பாண்டி ஊர்க்காரர். மலையாள நாட்டில் மரம் ஏற்றும் வேலை பார்த்து மலையாளம் பேசப் பழகியவர்.

"விக்கிரகத்துக்குப் பூசை வைக்கிறவன் இதற்குள் நுழைவதா? செல்லாது!" என்று உபதேசியார் வெகுண்டார். தாயாரின் மூச்சு கரகரத்தது. பாதிரியார் நீலம் பாரித்த அவர் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழைத்து வா" என்றார்.

பூசாரி ஓடிவந்தார். வாசலில் நெற்றித் திருநீற்றைத் துடைக்கக் கையெடுத்தார்.

"இருக்கட்டும் அண்ணே, நேரமில்ல" என்றார் தாயார்.

"என் தலையில என்னத்தையெல்லாம் ஏத்தப் போற தங்கச்சி?"

கேட்டதைச் சாகும்வரை வெளியிடுவதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார் பாதிரியார். எந்தச் சாமி பேரில் என்று பூசாரி கேட்டார். "நீர் பயப்படும் சாமியின் பேரில்" என்று பதில் வந்தது. சுவரில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் தொங்க, அதன் கீழ் நின்று பூசாரி மாரியம்மன் மேல் ஆணையிட்டார்.

கதவு சாத்தப்பட்டது. உபதேசியாரும் நானும் இறவாரத்தடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றோம். தகரத்தின் மேல் மழையன்றி வேறெதுவும் கேட்கவில்லை. "செல்லாது" என்று அவர் மீண்டும் முணுமுணுத்தார். என் கை முஷ்டியாயிற்று.

அப்போது உள்ளே லத்தீனில் பாவமன்னிப்புச் செபம் எழுந்தது. எங்கள் இருவருக்குமே விளங்காத மொழி. உபதேசியார் சேற்றில் முழந்தாளிட்டார், அருகில் நானும்.

கதவைத் திறந்த பூசாரி எங்களைக் கண்டார்.

"செல்லாதுன்னா, நீங்க எதுக்குவே முழங்கால் போட்டிய?"

விளக்கேற்றுமுன் தாயாரின் மூச்சு அடங்கியது. சாவு மணியை உபதேசியாரே அடித்தார்.