குச்சவெளி மணல்திட்டில் ஒரு தகரம் தோட்டா

1966 ஏப்ரலில் இறுதிப் பரீட்சை முடிந்ததும் குச்சவெளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகம் படித்த முதல் ஆள் நான் என்பதால், என்னை ஊரில் நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்குப் பயந்தே இரண்டு முறை பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

கண்டியில் காலை ஆறரைக்கு பஸ். திருகோணமலைக்கு 113 மைல். கட்டணம் ஐந்து ரூபாய் நாற்பது சதம். பன்னிரண்டரைக்கு இறங்கி, இரண்டேகாலுக்குக் குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். 21 மைல், ஒரு ரூபாய் ஐந்து சதம். கண்டக்டர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, வலப்பக்கம் இருங்கோ. கடலும் தெரியும், வெயிலும் படாது,” என்றார். பிற்பகலில் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். நிலாவெளியில் மீன் கூடைகள் கூரையில் ஏறும்வரை பத்து நிமிடம் நிற்கும். மூக்கைப் பொத்தினால் சிரிப்பார்கள்.

அத்தானுக்கு ஒரு சிறிய தென்னந்தோட்டமும், தகப்பன் வைத்துவிட்டுப்போன அனுமதிப்பத்திரமுள்ள கைத்துப்பாக்கி ஒன்றும் உண்டு; ஊரில் துவக்கு என்பார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரும் கூட்டாளிகளும் கடற்கரை மணல்திட்டில் இலக்கு நட்டுச் சுடும் போட்டி. அக்கா சோறு கட்டித் தந்து என்னையும் அனுப்பிவிட்டாள். ஆண்கள் பதினொரு பேர். எல்லோருக்கும் பின்னால், சுட்டதும் தெறித்து விழுகிற வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்க ஓலைப்பெட்டியோடு நின்றேன். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம். யாரும் தன் பெட்டியிலிருந்து தோட்டா எடுப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுத் தோட்டா என்பதால், எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் கொட்டிக் கலந்து, கைவிட்டு எடுப்பார்கள். நல்ல தோட்டா வாங்கியவன் வென்றான் என்ற கதை வரக்கூடாதாம். கிண்ணியாவிலிருந்து வந்த வியாபாரி காசிம் நானாவும் தன் பெட்டியைக் கொட்டினார்.

அத்தானின் இரண்டாம் சுற்று. முதல் இரண்டு கோதுகளும் வழக்கம்போல ஆறடி தூரத்தில் விழுந்தன. மூன்றாவது பதினைந்து அடிக்கு அப்பால் போய்த் தாழம்பற்றைக்குள் விழுந்தது. சத்தமும் வேறு, அத்தானின் மணிக்கட்டு மேலே துள்ளியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். நான்காவதும் அப்படியே. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஐந்தாவதும் போய்விட்டது.

“அத்தான், நிப்பாட்டுங்கோ,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் துப்பாக்கியின் வாய்முனையை மணல்திட்டிலிருந்து திருப்பாமல் விரலை எடுத்து, தோட்டாக்கூட்டைக் கழற்றி, குழலுக்குள் மிஞ்சியிருந்த தோட்டாவையும் வெளியே எடுத்தார். “என்ன பிள்ளை, பௌதிகம் என்ன சொல்லுது?”

“ஒரே துவக்கு, ஒரே கை. கோது மட்டும் ஏன் ரெண்டு மடங்குக்கு மேல தூரம் போகுது?”

பற்றைக்குள் தேடி எடுத்தோம். அந்த மூன்று கோதுகளின் அடியிலும் ஊசி குத்தும் வட்டம் சப்பையாகியிருந்தது. உள்ளே அழுத்தம் கூடினால்தான் அப்படி ஆகும்; மற்றவற்றில் அது இல்லை. அடியில் இருந்த முத்திரையைக் கண்ட நானா தன் வெற்றுப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். சிறு இயந்திரத் துப்பாக்கிக்கான, அழுத்தம் கூடிய தோட்டா என்று அதில் எழுதியிருந்தது.

“என்ர துவக்கு தாங்கும் எண்டு புத்தகத்திலயே போட்டிருக்கு, தங்கச்சி. அதை வாசிச்சுத்தான் வாங்கினனான்,” என்றார் நானா. பிறகு அத்தானைப் பார்த்து, “உங்கட துவக்குக்கு உங்கட அப்பாவின்ர வயசு. அது எப்படித் தாங்கும்?”

“கொட்டினது நீங்கதானே, நானா.”

“ஓம். நான்தான் கொட்டினனான்.” அவர் முகம் சுருங்கிவிட்டது.

அத்தான் துப்பாக்கியைப் பிரித்தார். பின்னால் ஓடும் மேற்பகுதி மோதும் இடத்தில் புதிய பளபளப்பான பள்ளம். அந்த மோதலைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங்கைப் பையில் கிடந்த புதிய ஸ்பிரிங்கோடு வைத்துப் பார்த்தால், பழையது ஒரு பெருவிரல் அகலம் குட்டை. புதியதை அவர் வாங்கி இரண்டு வருடமாம். பூட்ட நேரம் வரவில்லையாம்.

“இண்டைக்கு இது சுடாது. திருத்துறவர் பாத்தாப் பிறகுதான்,” என்று துணியில் சுற்றினார்.

பிறகு தகரத்தைப் பாயில் கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து எல்லோரும் பிரித்தோம். “மகளுக்கு மாப்பிள்ளை பாக்கேக்கையும் நான் இவ்வளவு பாக்கேல்ல,” என்றார் நானா. அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு திரும்பியது. போட்டி சாதாரணத் தோட்டாவோடு தொடர்ந்தது. நானாவின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்ட அத்தான் கடைசி இடம். மத்தியானம் நண்டுக்கறியைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்ட அவர் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படியான இடத்துக்குப் போகிறவர்களுக்கு: காதுக்குப் பஞ்சும் கண்ணுக்குக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். அழுத்தம் கூடிய தோட்டாவை, துப்பாக்கி செய்தவரின் புத்தகம் அனுமதித்தால் மட்டும், நல்ல ஸ்பிரிங் இருந்தால் மட்டும் போடுங்கள். அளவு ஒன்றென்பதால் தோட்டாவும் ஒன்றாகிவிடாது. தோட்டாவை அதன் பெட்டியை விட்டுப் பிரிக்காதீர்கள். கோது தூரம் போனாலோ, உதைப்பு மாறினாலோ உடனே நிறுத்துங்கள்.

பின்னால் நிற்பவர் கூச்சப்படாமல் சொல்லவும் வேண்டும். மூன்றாவது கோது பறந்தபோதே ஏதோ வேறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்குமுன் இன்னும் இரண்டு வெடித்தன. அந்த இரண்டும் அத்தானின் கையை விட்டுவைத்ததற்கு நான் காரணமல்ல.