இரண்டு மணிக்கு முடியும் டியூட்டி

அந்த முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாக ஆயா வேலை பார்ப்பவளை எல்லாரும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். வயது பெரிதில்லை; தொண்டை பெரிது. அவள் பொறுப்பில் ஒன்பது பேர். அதில் ஒருவர் மேல்தான் எப்போதும் அவளுக்கு ஒரு கண். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். பிள்ளைகள் பெயர்கூட மறந்துவிட்டது. டியூட்டி நேரம் மட்டும் மறக்கவில்லை. மதியம் இரண்டு அடித்தால் கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கதவில் நம்பர் பூட்டு. இழுத்துப் பார்ப்பார், திட்டுவார், அழுவார்.

அன்று அழுக்குத் துணி மூட்டைகளை வண்டியில் ஏற்ற வசதியாக, பெரியக்கா கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தாள். வேலை முடிந்து உள்ளே வந்து ஆட்களை எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டேதான்.

கழிவறையில் இல்லை. சமையலறையில் இல்லை. போன வாரம் சேர்ந்த தோட்டக்காரரிடம் ஓடினாள்.

"நர்ஸம்மா இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"இப்பதான் போனாங்க. டியூட்டி முடிஞ்சுதுன்னாங்க. இங்க வேலை செய்யறவங்கன்னு நினைச்சு கேட்டைத் திறந்து விட்டேன்."

தெருமுனை தாண்டினால் பெரிய சாலை. செருப்பில்லாமல் ஓடினாள். எங்கோ ஒரு லாரி பிரேக் போட்டுக் கிறீச்சிட, கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நர்ஸம்மா பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

போய்ப் பிடிக்க நேரமில்லை. "வாங்க" என்று கூப்பிட்டால் வரமாட்டார். கையைத் தொட்டால் உதறிக்கொண்டு ஓடுவார்.

"சிஸ்டர்! அடுத்த ஷிஃப்ட் ஆள் வரல! வார்டுல யாருமே இல்ல!"

நர்ஸம்மா திரும்பினார்.

"ஏறுறீங்களா, இல்லையாம்மா?" கண்டக்டர் அதட்டினார்.

காலை எடுத்துக்கொண்டார். பஸ் நகர்ந்ததும், இடம் வலம் பாராமல் நேராகச் சாலையில் இறங்கினார்.

"அங்கேயே நில்லுங்க சிஸ்டர்!"

பெரியக்கா இரண்டு கையையும் தூக்கியபடி வண்டிகளுக்குள் பாய்ந்தாள். ஒரு கார் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டியவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நர்ஸம்மாவும் திட்டினார்.

"பேஷண்ட்டுங்களைத் தனியா விட்டுட்டா வந்தே? அறிவிருக்கா?"

"இல்லதான் சிஸ்டர்," என்றாள். அப்படியே அவரோடு இல்லத்துக்கு நடந்தாள்.

இல்லத்தில் மேனேஜர் தோட்டக்காரரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெரியக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவரோடு போயிருக்கும்.

"அவரை விடுங்க சார். கதவைத் திறந்து போட்டது நான்."

எச்சரிக்கைக் கடிதம் கையில் வந்தது. வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒன்றே முக்காலுக்கு, அடுத்த ஷிஃப்ட் ஆள் மாதிரி, ஒரு நோட்டோடு நர்ஸம்மா எதிரில் உட்காருகிறாள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஊசி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, எழுதிக்கொள்கிறாள். பெரும்பாலும் அதிலேயே இரண்டு மணி கடந்துவிடும். சில நாள் கடக்காது. அப்போது மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தானே கதவைத் திறந்து, கூடவே தெருமுனைவரை நடந்துவிட்டுக் கூட்டி வருகிறாள்.