அவர் கண்ணுக்குத் தெரிந்த நிறம்

பிரிக்பீல்ட்ஸில் இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கியபோது எல்லாச் சுவர்களுக்கும் வெள்ளைதான் அடித்தோம். அது என் ஆசை. வெளிச்சமான வீடு வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே நினைத்து வைத்திருந்தேன்.

சில ஆண்டுகளில் என் கணவரின் பார்வை மங்கத் தொடங்கியது. விழித்திரையில் கோளாறு. முழுக்கப் போய்விடாது, போனது திரும்பியும் வராது என்றார் டாக்டர். கணவர் வேலையை விட்டார். வெளியே நடைபாதையில் பார்வையற்றோருக்காகப் பதித்திருக்கும் மேடு வைத்த மஞ்சள் கற்களைக் காலால் உணர்ந்து, கோலைத் தட்டிக்கொண்டு ரயில் நிலையம்வரை போய் வந்துவிடுவார். வீட்டுக்குள்தான் தடுமாறினார். ஒருநாள் கதவு நிலையில் மோதி நெற்றி புடைத்துவிட்டது.

ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே கேட்டேன். "வெளிய நல்லாத்தானே போறீங்க? வீட்டுக்குள்ள என்ன ஆவுது?"

"எல்லாம் வெள்ளையா இருக்கு லா. சுவரும் வெள்ளை, கதவும் வெள்ளை, சுவிட்சும் வெள்ளை. எது எங்க முடியுதுன்னே தெரியல. பால்ல விழுந்த ஈ மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே பங்சாரில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனோம். நான் இளம்பச்சை, சந்தன நிறம் என்று அட்டைகளை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் மூக்குக்கு அருகே கொண்டுபோய், அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஓர் அட்டையில் நின்றார். மழையில் ஊறிய மண்ணைப்போல, கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பழுப்பு.

"இதுலதான் வெள்ளை தனியா நிக்குது. இதையே எடு."

என் ஹாலை நினைத்து எனக்குத் துக்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் எடுத்தேன்.

நாங்களே அடித்தோம். அவர் பெயிண்ட் உருளையால் சுவரின் நடுப்பகுதியை அடித்தார், நான் தூரிகையால் ஓரங்களைப் பார்த்துக்கொண்டேன். கதவுகளையும் சுவிட்சுகளையும் வெள்ளையாகவே விட்டோம். இரண்டாம் பூச்சு காய்ந்ததும் ஹால் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது.

கிள்ளானிலிருந்து நாத்தனார் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா அண்ணி இது? குகை மாதிரி இருக்கு! நாலு பேரு வந்து போற வீடு. தீவாளிக்குள்ளயாச்சும் மாத்துங்க."

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அவர் வந்தார். கையில் தட்டு, அதில் மூன்று கோப்பைத் தேநீர். கதவு நிலையின் நடுவே, எதையும் தொட்டுப் பார்க்காமல் நடந்து வந்து, தட்டை மேசைமேல் வைத்தார். அவள் கண் அவர் கைகளைவிட்டு நகரவில்லை. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"சீனி பத்தலண்ணே" என்றாள்.

"வேணும்னா எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்க. இந்தக் கடையில சேவை அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அவள் சுவரைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது மட்டும், "ஒரு விளக்கு சேத்துப் போடுங்க அண்ணி" என்றாள். அது நல்ல யோசனைதான். மழை இறங்கும் மதியங்களில் இந்த ஹால் எனக்கு இன்னும் இருட்டாகத்தான் தெரிகிறது. அந்த நிறத்தோடு எனக்கு முழுதாக ஒத்துப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

முன்பெல்லாம் நான் வேலை முடிந்து வரும்போது அவர் சோபாவில், காலையில் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது கதவைத் திறந்ததும், எந்த அறையில் இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது.