குறைச்சு வைம்மா

பட்டாபிராமில் இருந்தவரை எங்களுக்கு ஒரே ஓர் ஏசிதான். படுக்கையறைச் சுவரில் இருந்தது. ரிமோட்டை நீட்டினால் வாயைத் திறந்து குளிர்ந்த காற்றை விடும். மறுபடி அமுக்கினால் மூடிக்கொள்ளும். கோடையில் நானும் கணவரும் மகளும் அந்த ஓர் அறைக்குள்ளேயே சாப்பிட்டு, படித்து, சண்டை போட்டு, தூங்கினோம். அதில் புரியாமல் போக எதுவும் இல்லை.

பருத்திப்பட்டு வீடு வேறு மாதிரி. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் தனக்காக ஆசைப்பட்டுக் கட்டியது. ஒரு வருடம்கூட முழுசாக இருக்காமல் மறுபடி வெளிநாட்டுக்கே போய்விட்டார். நாங்கள் வாடகைக்கு வந்தோம். வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஏசி. ஆனால் எந்த அறையிலும் அது கண்ணில் படாது. மொட்டைமாடியில் ஒரு பெரிய பெட்டி. அறைகளுக்கு நடுவே போகும் நடையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் இன்னொரு பெட்டி. அங்கிருந்து தகரக் குழாய்கள் கூரைக்குள்ளேயே ஓடி, ஒவ்வோர் அறையின் உச்சியிலும் பட்டை பட்டையான ஒரு சதுரத் திறப்பில் முடியும். ஹால் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை. எல்லா அறைக்கும் அது சொல்வதுதான் சட்டம்.

என் கணவருக்கு அந்த வீட்டில் பிடித்ததே அந்த ஏசிதான். ஏரிக்காற்று வரும், மகளின் பள்ளிக்கூடம் பக்கம் என்றெல்லாம் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. குடிவந்த மறுமாதமே அவருக்குக் குஜராத்தில் வேலை போட்டார்கள், எட்டு மாதத்துக்கு. கிளம்புகிற அன்று காலை அந்தத் திரை முன்னால் என்னை நிறுத்திப் பாடம் நடத்தினார். மோட் என்றார், ஃபேன் என்றார், ஆட்டோ என்றார். நான் தலையாட்டினேன். என் கவனமெல்லாம் அவர் பெட்டியில் மாத்திரை டப்பாவை வைத்தேனா என்பதிலேயே இருந்தது.

அவர் போன வாரமே மாமா வந்தார். மாமா என்றால் என் மாமனார். தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. மகன் ஊரில் இல்லாத வீட்டில் மருமகளுக்கும் பேத்திக்கும் துணையாக இருக்க வந்திருந்தார். ஹாலில் கால் வைத்ததும் நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "எங்க ஐஸ் கம்பெனி கணக்கா இருக்கே" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கொஞ்சம் குறைச்சு வைம்மா" என்றார்.

உடனே எழுந்து போய்த் திரையில் இருபத்துநாலை இருபத்திரண்டாகக் குறைத்தேன். மாமா தோளில் கிடந்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. நான்தான் தினமும் வீட்டுவேலைக்கும் அலுவலக வேலைக்கும் நடுவில் அவர் அறைக்குள் தலையை நீட்டி, "நல்லா இருக்கா மாமா?" என்று கேட்பேன். "இருக்கும்மா" என்பார்.

பட்டாபிராம் வீட்டுச் சாமான்களில் கடைசியாக வந்தது இரும்பு பீரோ. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. படுக்கையறையில் சுவரோடு அலமாரி கட்டியிருந்தார்கள். நடையில் மட்டும் சுவர் காலியாக இருந்தது. ஆனால் அங்கே தரையிலிருந்து இடுப்புயரம் வரை அகலமாக ஒரு வெள்ளைக் கிரில். கையை வைத்துப் பார்த்தேன். மற்ற திறப்புகளில் எல்லாம் குளிர்ந்த காற்று வருகிறதே, இதில் ஒன்றுமே வரவில்லை. உம்மென்று சத்தம் மட்டும்தான். கெட்டுப்போனதாக இருக்கும், அல்லது அழகுக்கு வைத்திருப்பார்கள் என்று முடிவு செய்தேன். பீரோ அதை மறைத்துக்கொண்டு பொருத்தமாக உட்கார்ந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

சித்திரை பிறந்ததும் குழப்பம் ஆரம்பித்தது.

காலையில் போட்டால் ஏசி நன்றாக வேலை செய்யும். பதினொரு மணிக்குக் காற்று மெலியும். மதியம் ஒரு மணிக்கு மாடியில் பெட்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் புழுங்கும். வெறுத்துப்போய் நிறுத்திவிடுவேன். சாயங்காலம் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஜில்லென்று வரும். வெயில் ஏறினால் அதற்கும் களைப்பாகிவிடுகிறதோ என்று பார்த்தால், ஒருநாள் மேகம் போட்டு வானம் இருண்டிருந்தது, அன்றும் அப்படியேதான். கரண்ட்டு குறைவாக வருகிறதோ என்று நினைத்தேன். மின்விசிறிகள் நன்றாகத்தான் சுற்றின.

கணவருக்குப் போன் போட்டேன்.

"ஃபேன் ஆட்டோவுல இருக்கா, ஆன்ல இருக்கா?" என்றார்.

"ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருக்கு."

"சீலிங் ஃபேன் இல்லம்மா. ஏசிக்குள்ள இருக்கிற ஃபேன்."

"ஏசிக்குள்ள ஃபேன் இருக்கா?"

"சரி, டெம்பரேச்சரை இன்னும் ரெண்டு குறைச்சுப் பாரு" என்றார். இருபது ஆக்கினேன். மறுநாள் பத்து மணிக்கே காற்று நின்றுபோனது. குறைக்கக் குறைக்க வீடு சூடாகிறது. இது என்ன நியாயம் என்று விளங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் மதியம், அலுவலக மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருந்தபோது நடைப்பக்கம் சொட்டு சொட்டென்று சத்தம். ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் ஊறி, அதன் நடுவிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மகள் பக்கெட்டைக் கொண்டுவந்தாள். மாமா தன் அறை வாசலில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. ஆனால் மாப்பை எடுத்துவந்து தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் வந்த மெக்கானிக் மாடிக்கு மட்டும் போய்விட்டு இறங்கினார். "கேஸ் கம்மி மேடம்" என்றார். கேஸ் ஏற்றினார். அன்று முழுக்க ஐஸ்போலக் காற்று வந்தது. நிம்மதியாகக் கணவருக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டாம் நாள் மதியம் மறுபடி பக்கெட் வைத்தோம்.

இரண்டாவதாக வந்தவர் அம்பத்தூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் மாடிக்குப் போகவில்லை. நடையில் ஏணியைப் போட்டு, ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த சதுர மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். "அக்கா, இங்க வாங்க. ஏறிப் பாருங்க" என்று கூப்பிட்டார்.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். உள்ளே பெட்டியின் வயிற்றில், செம்புக் குழாய்களைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி. விரல்கடை கனம். வெளியே தார் உருகுகிற வெயில்.

"இன்னாக்கா இது, ஊரே எரியுது, உங்க ஊட்டு மேல பனி கட்டிகினு கீது" என்றார்.

"அப்போ வீடு ஜில்லுன்னுதானே இருக்கணும்? ஏன் புழுங்குது?"

"காத்து பூந்து வந்தாதானே ஜில்லுனு வரும்? காத்து ஓடலன்னா ஈரம் அப்டியே ஐஸா பிடிச்சுக்கும். ஐஸு அடைச்சா வர்ற காத்தும் நின்னுடும். நீங்க ஆஃப் பண்ணா உருகி ஒழுகுது. எங்கியோ அடைச்சுகினு கீது. எல்லா ரூமையும் காட்டுங்க."

மகள் அறையில்தான் முதலில் அகப்பட்டது. திறப்பின் பட்டைகளை முழுக்க மூடி, அதன்மேல் பள்ளிக்கூட புராஜெக்ட் சார்ட் பேப்பரை வெட்டி ஒட்டியிருந்தாள். "அந்த உஸ்ஸுங்கிற சத்தத்துல ஆன்லைன் கிளாஸ் ஒண்ணுமே கேக்கலம்மா" என்றாள். நான் கத்தினேன். வீட்டில் நான் ஒருத்தி தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், நீ பாட்டுக்கு அடைத்து வைத்திருக்கிறாயே என்று என்னென்னவோ சொன்னேன்.

அடுத்தது மாமா அறை. அங்கே வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மெக்கானிக் பட்டைச் சட்டத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து சரிந்து அவர் தோளில் விழுந்தது ஒரு எட்டு முழ வேட்டி. மாமாவின் வேட்டிதான், சலவை மடிப்புக் கலையாமல். அதற்கு மேலே கட்டுக்கட்டாகப் பழைய நியூஸ் பேப்பர்.

மெக்கானிக் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நைனா, இது உன் வேலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றார் மாமா.

"எப்படி ஏறினீங்க மாமா?" என்றேன். அதுதான் எனக்கு முதலில் வந்தது. எழுபத்திரண்டு வயது.

"கட்டில் மேல ஸ்டூலைப் போட்டு."

"ஏன் மாமா? சொல்லியிருக்கலாமே."

"சொன்னேம்மா. ஒரு தடவை சொன்னேன், குறைச்சு வைன்னு. நீ போயி இன்னும் கூதலாக்கிட்ட. சரி, உனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு, நாம எதுக்கு ஊடால வந்து சொல்லணும்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இட்லித் தட்டும், துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அவர் குறைக்கச் சொன்னது குளிரை. நான் குறைத்தது எண்ணை.

"தினமும் கேட்டேனே மாமா, நல்லா இருக்கான்னு?"

"நல்லா இருக்கான்னு கேட்டா இல்லேன்னா சொல்லுவாங்க?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "முப்பது வருஷம் சாக்குப் பையைச் சுத்திக்கிட்டு ஐஸ் ரூம்ல நின்னவன். முட்டியெல்லாம் கூதல் ஏறிக் கிடக்கு. அது சம்பளத்துக்கு நின்னது. கட்டில்ல படுக்கும்போதுமா?" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சற்றுமுன் மகளைத் திட்டிய வாயால் இப்போது அவரைத் திட்ட முடியுமா? வெட்கமா கோபமா, கோபமென்றால் யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை.

மெக்கானிக் மட்டும் நடையில் அங்குமிங்கும் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "இந்த ரெண்டு அடைப்புக்கு இவ்ளோ ஐஸு பிடிக்காதே. ரிட்டன் எங்கக்கா?"

"என்ன ரிட்டன்?"

"காத்து ரூமுக்கு வருதுல்ல, அது திரும்பிப் போற வழி. பெருசா ஒரு கிரில் இருக்கும். காத்து வராது, உள்ள இழுக்கும்."

நான் பீரோவைப் பார்த்தேன். மகளும் பீரோவைப் பார்த்தாள். மாமா பீரோவைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு பேருமாக அதை நகர்த்தினோம். மாமாவை வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. பீரோவின் முதுகுக்கும் கிரிலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் இருந்திருக்கிறது. கிரிலைத் திறந்ததும் உள்ளே ஒரு வலைத் தட்டு. ஃபில்டர் என்றார் மெக்கானிக். கம்பளி போர்த்திய மாதிரி அதன்மேல் சாம்பல் நிறத்தில் தூசி.

"இத எப்போ கழுவுனீங்க?"

"இது இருக்கிறதே இப்பத்தான் தெரியும்" என்றேன். மகள் சிரித்துவிட்டாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன தகுதி இருந்தது?

குளிர்விக்கிறதை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் மூன்று மணிநேரம் ஓடவிடச் சொன்னார் அவர். பனி உருகட்டும், அதுவரை ஏசியைத் தொடாதீர்கள் என்றார். மாமா அறைத் திறப்பை மெக்கானிக்கே பாதிக்கு மேல் மூடிக் கொடுத்தார். மற்றதெல்லாம் திறந்திருந்தால் இது ஒன்று மூடியிருப்பதில் தப்பில்லையாம். "பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா ஃபில்டரக் கழுவுங்கக்கா. நைனா, நீ இனிமே ஸ்டூல் மேல ஏறாத, எனக்கு போன் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று மணிநேரம் மூவரும் முன்வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் காற்று. மகள் தனக்கு இருபத்துமூன்று வேண்டும் என்றாள். மாமா, போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கிடைத்தால் எதுவானாலும் சரி என்றார். "உனக்கு எவ்வளவும்மா வேணும்?" என்று என்னைக் கேட்டாள் மகள். யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாள் நான் யாருக்காக அந்தத் திரையை அமுக்கிக்கொண்டிருந்தேன் என்றே தெரியவில்லை. கடைசியில் இருபத்தாறில் வைத்தோம். மூன்று பேருக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. யாருக்கும் பெரிய குறையும் இல்லை.

அதன்பிறகு ஒழுகவில்லை. பீரோ மகள் அறைக்குப் போனது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் போனில் கேட்டார், "கடைசில எதனால ஐஸ் பிடிச்சுதாம்?"

சார்ட் பேப்பரைச் சொல்லலாம். வேட்டியைச் சொல்லலாம். முதல் ஆள் ஏற்றிய கேஸ் நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பீரோவைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஃபில்டர்ல தூசியாம்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"அவ்வளவுதான்" என்றேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா நிமிராமல் பக்கத்தைத் திருப்பினார்.