பையில் போடாத கடிதம்

என் மனைவி அவள் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டதாகப் பொய் சொன்னேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எங்கள் வீடு பள்ளத்தில், சில்வர் ஓக் மரங்களின் அடியில். கார்த்திகையில் இறங்கும் மூடுபனி தை முடியும்வரை எங்களை விடாது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். அவள் சேலத்து வெயிலில் வளர்ந்தவள். முதல் பனிக்காலத்தில் பேச்சு குறைந்தது. மூன்றாவதில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடானது. அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு, பற்றவைக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் அந்தக் கடிதத்தை எழுதினாள். எஸ்டேட் தபால் பையைப் பூட்டி அனுப்புவது என் வேலை. அவளுடையதை மட்டும் பிரித்துப் படித்தேன். ‘வெயில் திரும்பும்வரை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ அண்ணா. இங்கே இருந்தால் என்ன செய்துகொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.’

பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவன் என்று அவள் வீட்டார் நினைப்பார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. பழைய வருகைப் பதிவேட்டுக்குள் அதைச் செருகினேன்.

அவள் தினமும் தலைவாரி, பதினோரு மணி பஸ்ஸின் சத்தம் கேட்டதும் வேலியோரம் போய் நிற்பாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வாசலில் கட்டாமல் சமையலறையில் தொங்கவிட்டுப் பகலெல்லாம் எரியவிட்டாள்.

“பொங்கலே வந்திருச்சு, உனக்கு இன்னும் ஏசு பொறக்கலையா புள்ள?” என்றேன்.

“இருக்கட்டுமுங்க. அது எரிஞ்சா மனசு நொம்ப அழுந்தறதில்லீங்க.”

நான் கழற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது. அவள் இல்லை. காப்பிப் பழம் கழுவும் தொட்டியின் விளிம்பில், பனிக்குள், தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது.

“எங்கண்ணனுக்குக்கூட நான் வேண்டாதவளாப் போயிட்டனுங்க.”

அங்கேயே சொன்னேன். அவள் அழவில்லை.

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“படிச்சுமா போடலீங்க?”

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினேன். பாதி மலையில் பனி விலகி வெயில் அவள் மடியில் விழுந்தது. இரண்டு கைகளையும் அதில் விரித்து வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணன் கையில் கடிதத்தைக் கொடுத்தேன். வாசலிலேயே நின்று படித்தார். “உள்ள வா அம்முணி” என்று தங்கையை அழைத்தார். என்னிடம், “நீங்க கெளம்புங்க மாப்ளே, பஸ் போயிரும்” என்றார்.

பங்குனியில் அவள் திரும்பி வந்தாள். அதன்பின் ஒவ்வொரு கார்த்திகையிலும் நானே கொண்டுபோய் விட்டேன். அவள் இல்லாத அந்த வீட்டில் மூன்று மணி இருட்டு எப்படி நெஞ்சில் ஏறி உட்காருகிறது என்று எனக்கும் தெரிந்தது.

அவள் இருந்த வரைக்கும் ஒரு கடிதத்தைக்கூடத் தபால் பையில் போடவில்லை. இரண்டு மைல் நடந்து தபால் ஆபீசுக்குப் போவாள். ஒருநாள் நல்ல மழை. “குடு, நான் சேத்தறேன்” என்று கை நீட்டினேன்.

“வேண்டாமுங்க” என்று கடிதத்தை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு இறங்கி நடந்தாள்.