இரவல் நாற்காலிகள்

முருகையா செம்பனைக் குலை வெட்டுவதில் கெட்டிக்காரர். நானும் அந்த வேலை பார்த்தவன், தெரிந்துதான் சொல்கிறேன். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குத்தகைக்காரனிடம் கூலி வேலை. ஒருநாள் குலை இடுப்பில் விழுந்தது. அதோடு சரி, மனுஷன் நிமிரவில்லை. குத்தகைக்காரனிடம் கூலிக்கு நின்றவனுக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது?

அரசாங்கம் கொடுத்த சமூகநல உதவிப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. பணம் வந்த வாரம் பருப்பு, அடுத்த வாரம் கருவாடு, மாதக் கடைசியில் வேலியோரத்து மரவள்ளி. அவர் மனைவி திலகம் ஒரு கருவாட்டுத் தலையை இரண்டு வேளைக்கு ஓட்டுவாள்.

எண்பத்தைந்தாம் வருஷம், உதவி தொடரலாமா என்று வீட்டைப் பார்க்க அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. முருகையாவுக்கு விருந்தாளி வருவதாகவே பட்டது.

"அதிகாரி துவானைத் தரையிலயா உட்கார வைக்கிறது? மானம் போயிரும் புள்ள."

"இல்லாத வீட்டைப் பாக்கத்தானேங்க வராரு? இருக்கிறபடி இருக்கட்டும்."

கேட்டால்தானே! பக்கத்து வீட்டுச் சிவானந்தத்திடம் மெத்தை நாற்காலிகள், ரேடியோ, பூப்போட்ட கோப்பைகள் என்று எல்லாவற்றையும் இரவல் வாங்கினார். தூக்கிக்கொண்டு வந்த சிவானந்தத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா வராங்க? பொண்ணு எங்க லா?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தார். ரேடியோ நல்லா பாடுது என்றார். போய்விட்டார். அடுத்த மாதம் பணம் வரவில்லை.

திலகம் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். மறுநாளே பாசிர் பெனம்பாங் படகுத்துறைக்கு இறால் உரிக்கப் போய்விட்டாள். படகு வந்தால்தான் கூலி. இறால் கொம்பு குத்தி விரலெல்லாம் வெட்டு. அந்தக் கையால் அவள் சோறு போடும்போது முருகையா தட்டை விட்டுத் தலை தூக்கமாட்டார்.

கடைசியில் சிவானந்தத்தைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு சமூகநல அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். பத்துப் பேர் நிற்கும் இடத்தில், அத்தனையும் இரவல் என்று சொல்லிவிட்டார். மறுபடி வந்து பார்க்கிறோம் என்றார்கள். என்றைக்கென்று சொல்லவில்லை.

அதிகாரி வந்தபோது திலகம் வேலைக்குப் போயிருந்தாள். வெறும் தரையைச் சுற்றிப் பார்த்தவர், மனைவி எங்கே என்று மலாயில் கேட்டார். வேலைக்கு என்றால் வருமானம் இருக்கிறதென்று திரும்பவும் நிறுத்திவிடுவார்கள். முருகையா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோயிலுக்குப் போயிருக்கா, துவான்."

உதவி மறுபடி வரும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

சாயங்காலம் திலகம் வந்ததும் முருகையா எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு இல்லாததை இருக்குன்னு காட்டினீங்க. இன்னைக்கு இருக்கிறதை இல்லைன்னுட்டீங்க. அதுவும் சாமி பேரைச் சொல்லி."

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"அதுவும் சரிதான். இந்த இடுப்பை வச்சிக்கிட்டு நீங்களா எறால் உரிக்க முடியும்?"

அவள் கேலியாகச் சொன்னாளா, நொந்து சொன்னாளா, அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை திலகம் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். ஒரு தூக்குச் சட்டியில் இரண்டு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்து, இறால் கத்தியைத் துணியில் சுற்றி அதற்கடியில் செருகினாள்.

"யாரும் கேட்டா கோயிலுக்குன்னே சொல்லுங்க," என்று படியிறங்கினாள்.

முருகையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.